பூ வைத்த மாரியம்மன் காசு

எங்கள் வீட்டில் பிறந்த எல்லாருடைய இடுப்பிலும் மாரியம்மன் தொங்கியிருக்கிறாள். பிள்ளை பிறந்து தீட்டுக் கழித்த அன்று கறுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளிக் காசைக் கோத்துக் கட்டுவது அம்மா வீட்டு வழக்கம். பிள்ளை எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவிழ்த்துக் கழுவி, அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். அம்மா கட்டியிருக்கிறாள், அவளுக்குப் பின் மாமா கட்டியிருக்கிறார், கடைசியாக நான். பல் முளைக்கிற சமயத்தில் கயிற்றை இழுத்து இழுத்துக் காசை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கிடப்பேனாம். அம்மனின் மூக்கு மழுங்கிப் போனதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் ஒரு வழக்கு ரொம்ப நாள் நிலுவையில் இருந்தது.

உண்மையில் அது மாரியம்மனா என்று யாரும் விசாரித்ததில்லை. காசு ரொம்ப மெல்லியது. அப்பள ஓரம் மாதிரி கோணல்மாணலாக இருக்கும், வட்டம் என்று சொல்ல வாய் வராது. ஒரு பக்கத்தில் கிரீடம் வைத்த பெண் முகம், கழுத்தில் ஏதோ கொசுவம் கொசுவமாக, காதுக்குப் பின்னால் ஒரு பூ. மறுபக்கத்தில் பெரிய கூட்டல் குறி, அதன் முனைகள் பிளந்து சூலம்போல் இருக்கும். கிரீடம், பூ, சூலம். இதற்கு மேல் ஒரு சாமிக்கு என்ன அடையாள அட்டை வேண்டும்? சுற்றிலும் தேய்ந்துபோன எழுத்துகள் இருந்தன. அது மந்திரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நாங்கள் இருந்தது புதுச்சேரிக்குத் தெற்கே, கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அப்பா கரும்பு லாரி ஓட்டினார். வெட்டு நடக்கிற மாதங்களில் வீட்டுக்கு வருவதே விருந்தாளி வருகிற மாதிரிதான். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், டவுனில் நூல் மில்லில் வேலை பார்த்த மாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மில்லை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள்தான், திறந்துவிடுவார்கள் என்று சொன்னார். திறக்கவில்லை.

மாமா என்றால் எனக்கு உயிர். விசில் அடித்துக்கொண்டே சைக்கிளில் டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு போவார், பனித்திட்டுக் கடற்கரையில் மணலில் என் பெயரைப் பாயளவுக்கு எழுதுவார். அந்த மாமா வரவில்லை. வந்தவர் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தாடி வளர்ந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்து பாதி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுப்பார். அம்மா சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைக்கு அனுப்பிப் பார்த்தாள், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். கூட வேலை செய்த ஒருத்தர் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சேதி வந்த நாளிலிருந்து அம்மா மாமாவைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல, அவர் தூங்கும்போது நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எனக்கு இருந்த ஒரே கவலை கொலுசு. தீபாவளிக்கு முத்து வைத்த கொலுசு வேண்டும், அம்மாவுடையதைப் போல. அம்மாவின் கொலுசு கல்யாணத்துக்குப் போட்டது, கெட்டி வெள்ளி. அவள் கொல்லையில் கிளம்பினால் சத்தம் முதலில் வீட்டுக்குள் வரும், அப்புறம்தான் அவள் வருவாள். எனக்கு அதில் ஒரு பெரிய லாபம் இருந்தது. படிக்க உட்கார வைத்துவிட்டு அம்மா அந்தப் பக்கம் போனதும் டிவியைப் போடுவேன். ஜல் ஜல் என்று கேட்டதும் அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பேன். ஒரு நாள்கூட மாட்டிக்கொண்டதில்லை.

பழைய வெள்ளியைப் போட்டுக் கொலுசு வாங்க அம்மா என்னைப் பாகூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். பத்தர் எங்கள் டப்பாவைக் கவிழ்த்தார். அறுந்த சங்கிலி, ஒற்றை மெட்டி, நசுங்கிய பாலாடை. ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன அரத்தால் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்து, உள்ளே வெள்ளிதானா என்று பார்த்துத் தட்டில் போட்டார். கடைசியில் மாரியம்மன் காசு அவர் கையில் வந்தது. அரத்தை வைக்கப் போனார். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அது புள்ளைங்களுக்குக் கட்டறது, தெரியாம டப்பாவுல வந்துட்டுது என்றாள். பத்தர் சிரித்தார். இந்த மாதிரி பழங்காசு தன்னிடமே ஒரு டப்பா கிடக்கிறது, உருக்க வேண்டியதுதான், யார் கேட்கிறார்கள் என்றார். எனக்கு என் கொலுசு கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வேண்டுமென்றே காலை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் காட்டப் போனேன். படுத்தபடியே ஒரு காலைப் பார்த்து நல்லாருக்கு என்றார். எனக்கு அது போதவில்லை. அம்மா மேலே எடுத்து வைப்பதற்குள் காசை வாங்கி வந்து, உன் இடுப்புல கட்டுனதுதானே மாமா இது, பத்தர் அரத்தால தேய்க்கப் பாத்தாரு என்று அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். திருப்பினார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். அவர் தானாக எழுந்து உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“அக்கா, இங்க வாயேன். இது மாரியாத்தா இல்லக்கா. இங்கிலீஷ் எழுத்து கீது பாரு. எஃப், ஆர்.”

எங்கள் ஊர்ப்பக்கம் எஃப், ஆர் என்றால் விளக்கம் சொல்லவே தேவையில்லை. பிரான்ஸ். யாரோ ஒரு தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்திருப்பார், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேரன் பாரீசில் இறங்கியிருப்பான். கிராமத்தில் ஒருவருக்குப் பென்ஷன் யூரோவில் வரும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தே வயிறு எரியும். மாமா காசை மறுபடி திருப்பினார். சூலத்துக்கு நடுவில் கேடயம்போல் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூன்று குட்டி அல்லிப் பூ. டவுனில் பழைய கட்டடத்து இரும்பு கேட்டில் அதே பூவைப் பார்த்திருக்கிறாராம். அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. நம் முன்னோர் ஒருவர் சொல்தா, பிரெஞ்சு அரசாங்கம் அவருக்குக் கொடுத்த காசு இது, நமக்கும் பிரான்சுக்கும் பாத்தியதை உண்டு.

மறுநாள் மாமா தாடியை மழித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். காசை மாத்திரைக் கவரில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். அம்மா நம்பினாளா என்று தெரியாது, ஆனால் வாசலில் நின்று பஸ் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. மாமா பிரான்சுக்குப் போய்விட்டால் என்னை யார் டபுள்ஸ் கூட்டிப் போவார்கள்?

சாயங்காலம் திரும்பி வந்தார். டவுனில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பென்ஷன்காரத் தாத்தா காசை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இது பொம்பள மூஞ்சிதானேப்பா? ஆமாம். பிரான்சுல பொம்பள பேர்ல காசு அடிச்சதே இல்லியே, அங்க ராஜா மட்டும்தான் பட்டத்துக்கு வர முடியும். காசைக் காட்டினால் நேஷனாலிட்டி கொடுக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயை விரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன், மாமா எங்கேயும் போகவில்லை. அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பதைப்போலக் கேட்டாள்.

“அப்போ இன்னாடா? பிரான்சுக்காரி இல்லன்னா, அவ யாரு?”

மாமா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

“நம்ம மூணு பேரு இடுப்புல கெடந்தவ. யாருன்னே தெரியாம எடுத்து வைக்க எனக்கு மனசு வரல. கண்டுபுடிச்சிச் சொல்லு.”

மறுநாள் காலையில் மாமா காசைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த லென்ஸைக் கடன் கேட்டார். நான் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். முகம் வந்தது, பூ வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. எத்தனை தேய்ந்த எழுத்து! அதில் பாதி என் பல்லின் வேலை என்று மாமா சொன்னார். கேலி செய்கிற அளவுக்கு ஆள் தேறியிருந்தார்.

எழுத்தைத் தெரிய வைத்தது சரஸ்வதி பூஜை. அன்றைக்கு அம்மா கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வந்துவிட்டால் வீட்டில் எதுவும் தப்ப முடியாது. அரிவாள்மணை, டிவி ரிமோட், என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டன. மாமாவின் தொழில் சாமான் என்று லென்ஸுக்கும் காசுக்கும் சேர்த்துக் குழைத்துப் பூசிவிட்டாள், அதுவும் காசின் முகம் முழுக்க. மாமா நல்ல நாள் என்று கோபத்தை அடக்கிக்கொண்டு மறுநாள் ஈரத் துணியால் துடைத்தார். மேலே இருந்ததெல்லாம் போயிற்று, பள்ளத்தில் இருந்தது போகவில்லை. சிவப்புக்கு நடுவில், அதுவரை கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலையைக் காட்டின. மாமா துடைப்பதை நிறுத்திவிட்டு, பாப்பா, பென்சில் எடு என்றார்.

முன்பாதி இல்லை. ஆனால் பெயரின் வால் இருந்தது. அதை வைத்து எலிசபெத் என்று மாமா படித்ததும் எனக்குத் திக்கென்றது. எங்கள் கணக்கு டீச்சர் பெயரும் அதுதான். அவரையா இத்தனை நாள் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தேன்?

கிருமாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மாமா தினமும் அங்கே போக ஆரம்பித்தார், பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போவேன். கம்ப்யூட்டரில் ராணியின் காசுகள் பக்கம் பக்கமாக வந்தன. எல்லாம் அதே முகம். இங்கிலாந்தை நானூறு வருஷத்துக்கும் முன்னால் ஆண்டவள். எஃப், ஆர் என்பது பிரான்சேதான், அதில் மாமா தப்புச் செய்யவில்லை. தன் நாடு போக பிரான்சும் தன்னுடையது என்று அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்கள் காசில் போட்டுக்கொள்வார்களாம், அல்லிப் பூவும் அதற்குத்தான். பக்கத்துக் கொல்லைக்கும் சேர்த்துத் தன் பேரில் பட்டா எழுதிக்கிட்டாளா என்று அம்மா கேட்டாள். அதேதான்.

ஆனால் இது என்ன காசு, எவ்வளவு மதிப்பு? அது காசில் எங்கேயும் இல்லை. மாமா அதிலேயே மாட்டிக்கொண்டு நின்றார். வருஷமும் உதவவில்லை. கேடயத்துக்கு மேலே வருஷம் போட்டிருக்கும் இடத்தில்தான் எங்கள் வீட்டு யாரோ கயிறு கோக்க ஓட்டை போட்டிருந்தார்கள், கடைசி இரண்டு இலக்கமும் ஓட்டைக்குள் போய்விட்டன. நான் பொழுது போகாமல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில காசில் ராணி பூ வைத்திருந்தாள், சிலவற்றில் வைக்கவில்லை.

“மாமா, இவ எல்லா நாளும் பூ வெச்சிக்கில. வெச்சிக்கின நாள் காசு வேற, வெச்சிக்காத நாள் காசு வேற.”

மாமா என்னையே பார்த்தார். பிறகு படபடவென்று தட்டினார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். காசில் மதிப்பை எழுதாததால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரிய ஒன்றுவிட்டு ஒன்றில் ராணியின் தலைக்குப் பின்னால் ரோஜாவை அடித்திருக்கிறார்கள். ரோஜா இல்லாத பெரிய காசு ஷில்லிங். ரோஜா வைத்தது அதில் பாதி, ஆறு பென்னி. அதிலும் பாதியாக ஒரு ரோஜாக் காசு உண்டு, அது மூன்று பென்னி, சின்னது. என் ஸ்கேலை வைத்து அளந்தோம். இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆறு பென்னியேதான். பிரவுசிங் சென்டர்காரர் எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ்காரன் கோட்டை கட்டியிருந்தானே, அங்கேயிருந்து வந்திருக்கும் என்று அவர் ஒரு கதை சொன்னார். கோட்டை அந்த ராணி செத்து ரொம்ப நாள் கழித்து வந்தது, எப்படி வந்ததோ யாருக்குத் தெரியும் என்றார் மாமா. அவர் குரலில் பழைய விசில் மாமா இருந்தார்.

அன்று இரவு சாப்பாட்டில் வீடே சிரித்தது. அம்மா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டாள். கண்டுபிடித்தாயிற்று. நாளைக்கு மாமா எதற்காக எழுந்திருப்பார்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த ஒன்றிரண்டு நாளில் மாமா மறுபடி பகலில் பாய் விரித்தார் என்பதுதான்.

அப்போதுதான் எங்கள் வீடு காசு போட ஆரம்பித்தது.

முதலில் அரிசி டிரம்மில். அடியில் கிடந்துதுடா, எந்தக் காலத்துதோ, இதுவாச்சும் பிரான்சுக்காரன் காசான்னு பாரு என்று அம்மா ஒரு குட்டிக் காசை மாமாவின் பாயில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் நிறைய அல்லிப் பூ. மாமா அதைத் தூக்கிக்கொண்டு கிருமாம்பாக்கம் ஓடினார். அது அசல் பிரெஞ்சுக் காசு, நம் புதுச்சேரியிலேயே அடித்த பணம். அதை முடித்ததும் ஓட்டுச் சந்திலிருந்து இன்னொன்று. அதில் தோள் வரை சுருட்டை முடி, நான் இதுவும் ராணிதான் என்று சத்தியம் செய்தேன், அது விக் வைத்த இங்கிலாந்து ராஜா. பிறகு உரலுக்குப் பின்னாலிருந்து ஒன்று, சாமி படத்துக்கு அடியிலிருந்து ஒன்று. மாமா ஒவ்வொன்றையும் மாத்திரைக் கவரில் போட்டு மேலே பெயர் எழுதினார். ஒன்றை முடித்து ஓய்கிற சமயம் பார்த்து வீடு அடுத்ததைப் போடும். எங்கள் வீடு புதையல் மேல் கட்டியது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முருங்கை மரத்தடியில் அம்மாவின் களைக்கொத்தியை எடுத்துத் தோண்டோ தோண்டு என்று தோண்டினேன். கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனும் நல்ல அடியும்தான்.

அந்த நாட்களில்தான் எனக்கு இன்னொரு கஷ்டமும் வந்தது. டிவி பார்க்கும்போது மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அம்மா திடீரென்று பின்னால் நின்றுகொண்டிருப்பாள். கொலுசு எங்கம்மா என்று கேட்டதற்குத் திருகு தேய்ந்துவிட்டது, சரி பண்ணக் கொடுத்திருக்கிறேன் என்றாள். சீக்கிரம் வாங்கிட்டு வாயேன் என்று நான் ரொம்ப அக்கறையாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காசுகளையெல்லாம் பாயில் பரப்பி வைத்திருந்தார். லென்ஸ் என் கையில் இருந்தது. நாம்தான் பூவைக் கண்டுபிடித்த ஆள் என்ற கர்வத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

“மாமா, எல்லாக் காசோட ஓரத்துலயும் ஒரு கீறல் கீது. ஒரே மாதிரி, பளபளன்னு. ராணி காசுல மட்டும் இல்ல. ஏன் மாமா?”

மாமா காசை வாங்கிப் பார்க்கவில்லை. ராணியின் கொசுவத்தில் எத்தனை மடிப்பு என்றுகூடத் தெரிந்து வைத்திருந்த மனிதர், அந்தக் கீறலை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் தலையாட்டினார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

“பழைய காசுன்னா அப்டித்தான் இருக்கும்,” என்றார். காசுகளை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டுக்கொண்டே, “உங்கம்மாகிட்ட இத்தக் கேக்காத, இன்னா?” என்றார்.

நான் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மா எழுவதற்கு முன்பே மாமா எழுந்து குளித்துவிட்டிருந்தார். பிரவுசிங் சென்டர்காரர் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார், இன்றையிலிருந்து போகிறேன் என்றார். அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை, சரிடா, மதியத்துக்குச் சோறு கட்டித் தரேன் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கடையே பிறகு மாமாவின் கடை ஆயிற்று. இப்போது ஜெராக்ஸ், ஆதார் வேலை எல்லாம் பார்க்கிறார். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே மாத்திரைக் கவர்கள். பாகூரிலிருந்தும் ஏம்பலத்திலிருந்தும் பரணில் கிடந்த காசை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், மாமா காசில்லாமல் பார்த்துச் சொல்கிறார். அரிசி டிரம்மும் ஓட்டுச் சந்தும் அன்றோடு காசு போடுவதை நிறுத்திவிட்டன. புதையல் தீர்ந்துவிட்டது என்று நான் முருங்கை மரத்தடியில் நின்று வருத்தப்பட்டேன்.

போன மாதம் என் பிள்ளைக்குத் தண்டை வாங்கப் பாகூர் போனேன். இப்போது பத்தரின் மகன் உட்கார்ந்திருக்கிறான். ஐந்தாவது படிக்கும்போது வாங்கிய என் கொலுசைப் பழைய வெள்ளிக்குப் போட்டேன். அவன் என்னோடு பேசிக்கொண்டே அரத்தை எடுத்தான், ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தான். பளபளவென்று ஒரு கீறல் விழுந்தது. நான் பேசிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். ஒரு டப்பா பழங்காசுக்கு ஈடாக, எடைக்கு எடை, கெட்டி வெள்ளியாக அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பொருள்தான்.

வீட்டுக்கு வந்து பிள்ளையின் இடுப்பில் கிடந்த ராணியைச் சரி செய்துவிட்டு, அம்மாவைத் தேடினேன். எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை, இத்தனை வருஷமாகத் தெரிந்ததே இல்லை.